ஏரியில் தண்ணீர் எவ்வளவு?

பறவைப் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். "சார், 400 போதுமா, 600 வாங்கணுமா?" என்பார்கள். எண் கூடினால் தூரத்துப் பறவை பெரிதாக விழும், அவ்வளவுதான். "நீங்க போற ஏரியில இப்ப தண்ணி எவ்வளவு நிக்குது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. கடலூரில் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தையெல்லாம் ஏரியிலும் கழிமுகத்திலும் காட்டிலும் கழித்தவன் நான். இத்தனை வருடத்தில் கற்றது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

முதுமலை, டாப்சிலிப், கோடியக்கரை என்று தூரத்துக் காடுகளுக்கும் போயிருக்கிறேன். யானை, காட்டெருமை, வெளிமான் எல்லாம் என் பிலிம் பெட்டியில் உண்டு. ஆனால் இன்று எடுத்துப் பார்த்தாலும் மனசுக்கு நிறைவாக இருக்கும் படங்கள், வீட்டிலிருந்து டிவிஎஸ் வண்டியில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில் எடுத்தவை. தூரத்துக் காட்டில் நாம் விருந்தாளி. வண்டி நின்றால் எடுக்கலாம், கிளம்பினால் முடிந்தது. உள்ளூர் ஏரியில் நேற்று என்ன நடந்தது, நாளை என்ன நடக்கும் என்பது தெரியும்.

தண்ணீருக்கு வருகிறேன். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் கால் நீளம். சின்ன உள்ளான் இரண்டு விரற்கடைத் தண்ணீரில்தான் இரை தேடும். நெடுங்கால் உள்ளானுக்கு அரைச் சாண் வரை சரிப்படும். மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் ஒரு சாண் ஆழத்தில் அலகை விட்டுத் துழாவும். பூநாரை முழ ஆழத்திலும் நடக்கும். அதற்கு மேல் போனால் நீந்துகிறவற்றின் ராஜ்யம்: நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பித் தளும்பும் ஏரிக்குப் போய் உள்ளானைத் தேடினால் கிடைக்காது. அது எங்கேயும் போய்விடவில்லை; பக்கத்தில் உழுது தண்ணீர் கட்டிய நெல் வயலில் நிற்கும். அங்கே போக வேண்டும்.

எல்லா ஏரிக்கும் ஒரே கணக்கு கிடையாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்று வாய்க்கால். இரண்டும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. கார்த்திகையில் நிரம்பி, மாசியிலிருந்து சரசரவென்று இறங்கும். வீராணத்தின் கதை வேறு. அதற்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது, சென்னைக்குக் குடிநீரும் போகிறது. அதனால் இங்கே வானம் வெறிச்சென்று கிடக்கும்போது அங்கே ஏரி நிரம்பும். வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி இரண்டுக்கும் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் நீரும் சேருகிறது. கோடையிலும் ஈரம் இருக்கும். மரக்காணத்துக் கழுவேலியில் மழைக்காலத்தில் நன்னீர், வெயில் ஏற ஏற உப்பு. ஆக ஒரே வாரத்தில் ஏரிக்கு ஏரி வேறு விதமான பறவைக் கூட்டம் இருக்கும். ஒவ்வொரு ஏரிக்கும் தனிப் பக்கம் ஒதுக்கிய ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதகுச் சுவரில் வண்ணம் அடித்த அளவுகோல் இருந்தால் அந்த அடிக் கணக்கை எழுதுங்கள். இல்லாவிட்டால் படிக்கட்டில் எத்தனை படி தெரிகிறது என்று எழுதினாலே போதும். இரண்டு வருடம் எழுதினால் அந்த நோட்டு 600 லென்ஸைவிட உதவும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காரணம் இதோ.

நம் பக்கத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம். ஆழமும் கரையோரம்தான், மேற்கே உள்வாய் போகப்போக ஆழம் குறைந்து தரையோடு தரையாகிவிடும். தை மாதத்தில் கரையில் நின்று பார்த்தால் குச்சிக்கால் பறவைகள் எல்லாம் மேற்கு விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எந்த லென்ஸும் எட்டாது. பொறுத்திருங்கள். தண்ணீர் வற்ற வற்ற விளிம்பு கரையை நோக்கி நகரும், பறவைகளும் அதோடு சேர்ந்து நகரும். மாசிக் கடைசியில் பாதி தூரம் வந்திருக்கும். பங்குனியில், கரையில் பதித்த அலைகற்களுக்கு அருகிலேயே மேயும். எனக்கு நெடுங்காலம் 300 லென்ஸ் ஒன்றுதான் இருந்தது. அது போதுமானதாக இருந்ததற்கு வற்றும் தண்ணீர்தான் காரணம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வலசை வந்த பறவைகள் வடக்கே திரும்பிப் போகும் முன் இணைசேரும் காலத்து நிறம் அவற்றின் உடம்பில் ஏறத் தொடங்கும். மார்கழியில் சாம்பலாக நின்ற கருவால் மூக்கனுக்குக் கழுத்தில் செங்கல் நிறம் வந்திருக்கும். மீசை ஆலாவின் வெளிர் வயிறு கருத்திருக்கும். சீசன் முடிந்துவிட்டது என்று எல்லாரும் கேமராவை உள்ளே வைத்துவிடும் நேரம் அது. எனக்கோ அந்த மூன்று வாரம்தான் வருடத்திலேயே பெரிய விருந்து.

கரை கிழக்கே இருப்பதால் காலையில் கரையில் நிற்பவருக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால். ஒளி நேராகப் பறவை மேல் விழும். அடுத்தது காற்று. பறவை இறங்கும்போதும் எழும்பும்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இருக்கும். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். கரையில் நின்று மேற்கே பார்க்கும் உங்களுக்கு, இறங்கும் பறவை இடமிருந்து வலமாகப் போகும். இரண்டு சிறகும் விரிந்து, பக்கவாட்டில் முழு உருவம், கண்ணில் ஒளி. அதே நாள் சாயங்காலம் மேற்கு விளிம்புக்குப் போய் நின்றால் ஒளி சரியாக இருக்கும், ஆனால் இறங்குவது எல்லாம் உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் இறங்கும். கோடையில் சோழகக் காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கியதும் இந்தக் கணக்கு மாறும். கடலுக்குப் போகிறவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் நான் காற்றைக் கற்றேன்.

கரை மேலேயே நின்று எடுத்தால் பறவையின் முதுகுதான் விழும். உள்சரிவில் இறங்கி, நீர்மட்டத்துக்கு அருகில் உட்கார வேண்டும். வெள்ளைக் கொக்கைக் காலை வெயிலில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை, ஒரு ஸ்டாப்பாவது (பாதியாக) குறைத்துக்கொள்ளுங்கள். இறகின் நுணுக்கம் வெளுத்துப் போனால் பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆலா பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன். அப்புறம், சரிவில் இறங்கும் முன் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பனிக்காலக் காலையில் கண்ணாடி விரியன் கரையோரப் புல்லில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அது எளிதில் விலகிப் போகாது. கணுக்காலை மூடும் ஷூ, கையில் ஒரு கம்பு. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை, விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். தனியாகப் போவதாக இருந்தால் எந்த ஏரிக்கு, எந்த மதகுப் பக்கம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த வாழ்க்கைக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாணத்திலிருந்து வந்தது. காட்டுயிர்ப் படம் எனக்கு என்றைக்கும் சோறு போட்டதில்லை. போட வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் இல்லை. முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் மண்டபமே கதி. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வலசைப் பறவைகள் நம் ஏரிகளில் நிறைந்திருப்பதும் மார்கழியில்தான். ஒரு தொழிலின் ஓய்வு மாதம் இன்னொன்றின் உச்ச மாதமாக அமைந்தது என் கொடுப்பினை. இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். உங்கள் வேலையில் எந்த மாதம் இளைப்பாற விடுகிறதோ, அந்த மாதத்தில் உங்கள் ஊரில் என்ன உயிர் நடமாடுகிறது என்று பாருங்கள். ஆடியில் சும்மா இருப்பவருக்கு ஆடிக்கேற்ற பூச்சியும் தும்பியும் இருக்கின்றன.

பிச்சாவரத்தில் கணக்கு மாதத்தில் இல்லை, மணியில் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், கடலோடு தொட்டுக்கொண்டிருக்கும் சதுப்புநிலக் காடு அது. நான் முதலில் போன நாட்களில் துடுப்பு போட்ட பெரியவர் ஒருவர், கிள்ளைப் பக்கத்துக்காரர், நான் படகில் ஏறியதும் கேட்டார்: "தம்பி, ஏத்தத்துல போயி என்னா பண்ணப் போற?" எனக்குப் புரியவில்லை. கடல் நீர் உள்ளே ஏறும் நேரம் ஏற்றம், இறங்கும் நேரம் வற்றம் என்று பிறகுதான் தெரிந்தது. "வத்தத்துல வா. தண்ணி வெளிய போவும்போது மீனும் வெளிய வரும். மீனு வர்ற வாய்க்கா வாயில கொக்கு நிக்கும். நீ அதுக்கு எதுத்தாப்ல நின்னாப் போதும்." "சரிண்ணே" என்று சொல்லி அவர் சொன்ன நேரத்துக்குப் போனேன். சுரபுன்னை வேர்களுக்கு இடையில் சேறு மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் ஒரு முழ அகலக் கால்வாயாகச் சுருங்கியது. அந்த வாயில் மடையான், சின்னக் கொக்கு என்று வரிசையாக வந்து நின்றன. சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் வளையைவிட்டு வந்து, அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தன. ஆண் நண்டு பெண்ணைக் கூப்பிடும் முறை அது. படகின் நிழல் பட்டதும் மொத்தமும் வளைக்குள் போய்விட்டன. அவர் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். பேசாமல் இருந்தோம். வளையிலிருந்து சின்ன நண்டு முதலில் வந்தது, பெரியது கடைசியில்.

ஏற்றவற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஆகவே பிச்சாவரம் போகும் முன் நாட்காட்டியில் திதி பார்ப்பது என் வழக்கம். துடுப்புப் படகில் போங்கள். மோட்டார் படகு சின்னக் கால்வாய்க்குள் நுழையாது, சத்தத்துக்குப் பறவையும் நிற்காது. படகில் முக்காலி வேலைக்கு ஆகாது. துணிப்பையில் புளியங்கொட்டை நிரப்பிக் கட்டி, அதைப் படகு விளிம்பில் போட்டு லென்ஸை வைத்தால் அசையாமல் உட்காரும். கருந்தலை மீன்கொத்தி குளிர்காலத்தில் அங்கே வரும். ஒரு கிளையிலிருந்து பாய்ந்தால் பெரும்பாலும் அதே கிளைக்குத்தான் திரும்பும். பறவையைத் துரத்தாமல் கிளைக்குக் குறிவைத்துக் காத்திருங்கள். கிளை மறைக்கிறது என்று எதையும் ஒடிக்காதீர்கள். காட்டுக்குச் செய்யும் கெடுதல் ஒருபுறம் இருக்க, அங்கே தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வை போகும் அளவுக்கு எரியும்.

அந்தக் காடு இன்று இருக்கும் நிலைக்கும் தண்ணீர்க் கணக்குதான் காரணம். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் சேறு பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த கடல் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பாகிப் போனது. கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியேறத் தொடங்கியதும் கண்டல் மரங்கள் பிழைத்தன. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

உப்புக்காற்றில் கருவியைக் காப்பது பற்றிச் சுருக்கமாக: திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத் துகள் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பை ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணி. மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி உயிர் வரும். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது நம் கடலோரத்தில் சாதாரணம். தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் கட்டாயம் பிடிக்கும்.

கூடு பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம் இது ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் ஏரியின் உள்வாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவில் ஆட்காட்டி முட்டையிடும். பெரும்பாலும் நான்கு முட்டை, மண் நிறத்தில் கரும்புள்ளி போட்டு, காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் அந்தப் பறவை செய்வதை ஒருமுறை தொலைவிலிருந்து பாருங்கள். எஞ்சியிருக்கும் குட்டைக்கு ஓடும். நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் அமிழ்த்தி இரண்டு பக்கமும் ஆட்டிக்கொள்ளும். சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டை மேல் உட்காரும். அந்த ஈரத்தில்தான் முட்டை வேகாமல் பிழைக்கிறது. படம் எடுப்பவர் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டே இருக்குமே தவிர உட்காராது. உங்கள் படத்துக்கு அரை மணி நேரம், அதற்கு நான்கு குஞ்சு. நீங்கள் நின்ற இடத்தைக் காக்கையும் கவனித்திருக்கும். நான் கூட்டைப் படம் எடுப்பதில்லை; எங்கே இருக்கிறது என்று யாரிடமும் சொல்வதும் இல்லை. ஊசுட்டேரி, கழுவேலி போன்ற இடங்கள் சரணாலயங்கள். 1972ஆம் வருடக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழையவும் படம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

தை பிறந்ததிலிருந்து நம் கடற்கரையில் பங்குனி ஆமை இரவில் முட்டையிட ஏறும். அங்கே பிளாஷும் டார்ச்சும் கூடவே கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் தாய் முட்டையிடாமல் திரும்பிவிடும். பொரித்த குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி நடக்கும். படம் வேண்டுமென்றால் வனத்துறை பொரிப்பகத்தில் குஞ்சுகளை விடும் விடியற்காலைக்குப் போங்கள். வானம் வெளுக்கும் வெளிச்சமே இப்போதைய கேமராக்களுக்குத் தாராளம்.

இப்போது நான் வெளியே போவது குறைந்துவிட்டது. பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் இடம், மாதம், நீர்மட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் என் கல்யாணப் படங்களின் அருமை தெரிந்தது. மண்டபத்தில் சடங்கு முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போய் நிற்க வைத்து எடுப்போம். அவர்களுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரிகிறது. கடல் எவ்வளவு தள்ளி இருந்தது என்று தெரிகிறது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது சாய்ந்துபோன பனை, சவுக்கு, முந்திரி எல்லாம் அந்தப் படங்களில் நிமிர்ந்து நிற்கின்றன. பறவைக்காக எடுத்த படங்களில் பின்னணியை மங்கவிட்டு அழித்துவிட்டோம். ஊரின் பழைய முகம் இருப்பது மனிதர்களை எடுத்த படங்களில்தான்.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் அப்படி ஒன்று இருக்கலாம். ஏரி, ஆறு, உப்பங்கழி, கடற்கரை, எது பின்னால் தெரிந்தாலும் எடுத்து வையுங்கள். ஆல்பத்தின் பிளாஸ்டிக்கில் ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள். தாளோடு மேல்பூச்சும் வந்துவிடும். ஆல்பத்தோடு ஜன்னல் ஓரத்தில் வைத்து, வெயில் நேரடியாகப் படாமல் போனிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடத்தையும் எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, கழற்ற முடிகிற படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வருடங்கள் போனால் முன்பக்கம் ஊறும். தேதிக்குக் கவலையே இல்லை, கல்யாணப் பத்திரிகையில் இருக்கும்.